மேடை ஏறாத கைகள்: மலையகத்திலிருந்து ஒரு குத்துச்சண்டை வரலாற்று நோக்கு

1867ஆம் ஆண்டிலே, கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் பத்தொன்பது ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். இலங்கைத் தேயிலை வரலாறு அங்கிருந்தே தொடங்கப்படுவது வழக்கம். அதே ஆண்டில் இலண்டனில் குயின்ஸ்பெரிப் பிரபுவின் பெயரைத் தாங்கிப் பன்னிரண்டு விதிகள் வெளியாயின. வெறுங்கைச் சண்டை ஒழிந்து கையுறை வந்தது. மூன்று நிமிடச் சுற்றும் ஒரு நிமிட ஓய்வும் வந்தன. வீழ்ந்தவன் எழுவதற்குப் பத்து விநாடி கொடுக்கப்பட்டது. நவீன குத்துச்சண்டை அவ்விதிகளிலிருந்து பிறந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே காரண காரியத் தொடர்பு ஏதுமில்லை. எனினும் இரண்டையும் உலகெங்கும் கொண்டு சென்றது ஒரே பேரரசுதான். மலைநாட்டுக்கு வந்த துரைமார் பலர், குத்துச்சண்டையைக் கல்வியின் ஓர் அங்கமாகக் கொண்ட ஆங்கிலப் பாடசாலைகளில் வளர்ந்தவர்கள். டிக்கோயாவை அடுத்த டரவெல்லாவிலும், நானுஓயாவை அடுத்த ரதெல்லவிலும் அவர்கள் அமைத்த கழகங்களும் மைதானங்களும் இன்றும் உள்ளன. அம்மைதானங்களைச் சூழ்ந்த லயங்களில் வாழ்ந்த மக்கள் அவற்றுள் ஏவலாளராகவே புகுந்தனர். விளையாட்டு வரலாறு எழுதுவோர் வெற்றிவீரனுடைய கைகளைப் பற்றியே பெரிதும் எழுதுவர். அக்கைகள் மேடையை அடைவதற்குத் திறக்க வேண்டிய வாயில்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. வெற்றிவீரர் சிலரது வாழ்வை மலையகத்தில் நின்று நோக்கினால் அவ்வாயில்கள் தெளிவாகத் தெரியும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

முதற்கண் உடலை எடுத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளி மெலிந்தவன், குறுகியவன், ஆகையால் இவ்விளையாட்டுக்கு ஏற்றவனல்லன் என்று எவரேனும் கூறுவாராயின், அவர் குத்துச்சண்டையை அறியாதவர். எடைப் பிரிவு என்னும் ஏற்பாடு மெலிந்தவனுக்கும் உலகப் பட்டத்தை எட்டச் செய்தது. மிகக் குறைந்த பிரிவாக நெடுங்காலம் விளங்கிய பறக்கும் எடைப் பிரிவின் மேலெல்லை 112 இறாத்தல். அப்பிரிவில் உலக வெற்றிவீரராக முதன்முதல் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஜிமி வைல்ட், அவ்வெல்லையையும் எட்டாதவர்; பல போட்டிகளில் அவரது எடை 108 இறாத்தலுக்கும் குறைவு. 1892இல் வேல்ஸ் நாட்டில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே தாமும் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். ரொண்டா பள்ளத்தாக்கின் டைலர்ஸ்டவுனில் வளர்ந்த இவ்விளைஞர், ஊர்ச் சந்தைகளில் கூடாரமடித்து நடத்தப்பட்ட சண்டைகளில், தம்மிலும் பெரிய சுரங்கத் தொழிலாளரை ஒருவர்பின் ஒருவராக எதிர்த்துக் கூலி பெற்றார். 1916இல் உலகப் பட்டம் அவரை வந்தடைந்தது.

வைல்டின் வாழ்வில் கவனிக்க வேண்டியது அவரது வலக்கையின் வேகம் மட்டுமன்று. அக்கூடாரத்தை நடத்தியவன் ஊருக்குள் வரலாம், தொழிலாளி வேலை முடிந்தபின் அங்கே செல்லலாம், காசு கொடுத்துப் பார்க்கலாம், விரும்பினால் மேடையேறலாம். சுரங்கம் கம்பனிக்குச் சொந்தமாயினும், தெருவும் மதுச்சாலையும் மண்டபமும் முற்றாகக் கம்பனிக்குச் சொந்தமாயிருக்கவில்லை. 1898இல் உருவான தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் அப்பள்ளத்தாக்குகளில் பெருஞ் சக்தியாக நின்றது.

வேல்ஸ் சுரங்க நாடு. மலையகம் பெருந்தோட்ட நாடு. இரண்டையும் ஒப்பிடுதல் பொருந்துமா என்று ஐயுறுவோர்க்கு, வைல்டை வென்றவரின் வரலாறு விடையளிக்கும். பான்சோ வில்லா என்னும் பெயரால் உலகறிந்த பிரான்சிஸ்கோ கிலியேடோ, 1901இல் பிலிப்பைன்ஸின் நெக்ரோஸ் தீவில் பிறந்தவர். அத்தீவு கரும்புத் தோட்டங்களுக்குப் பேர்போனது. தந்தை கைவிட்டுச் சென்றபின், தாயுடன் ஒரு பண்ணையாரின் நிலத்தில் ஆடு மேய்த்து வளர்ந்தார். சிறுவயதிலேயே இலோயிலோ நகருக்குச் சென்று சப்பாத்துத் துடைத்துப் பிழைத்தார். அங்கிருந்து மணிலாவை அடைந்து குத்துச்சண்டை பயின்றார். 1922இல் அமெரிக்கா சென்ற அவர், அதே ஆண்டில் ஜோனி பஃப் என்பவரை வென்று அமெரிக்கப் பட்டத்தைப் பெற்றார். 1923 ஜூன் 18ஆம் நாள் நியூயோர்க்கில், ஏழாம் சுற்றில் ஜிமி வைல்டை வீழ்த்தினார். ஆசியாவிலிருந்து உலகப் பட்டம் பெற்ற முதல் குத்துச்சண்டை வீரர் இவரே. சுரங்கத்தின் மைந்தனைத் தோட்டத்தின் மைந்தன் வென்றான்.

அவருடைய புகழ் நீடிக்கவில்லை. 1925 ஜூலையில், பல் பிடுங்கிய புண்ணோடு மேடையேறி ஜிமி மக்லார்னினிடம் தோற்றார். புண்ணின் நச்சு கழுத்தில் பரவி, அதே மாதம் 14ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் உயிர்நீத்தார். வயது இருபத்து மூன்று. உலக வெற்றிவீரராக இருந்தவருக்கும் பல்வலியோடு சண்டையிட வேண்டிய நெருக்கடி இருந்தது என்பது, இவ்விளையாட்டு ஏழைகளுக்கு வழங்கிய வாழ்வின் மறுபக்கம். குத்துச்சண்டை ஏழைக்கு விடுதலை தந்தது என்று நான் கூறவரவில்லை. ஒரு சிலரை அது மேலே கொணர்ந்தது, பலரை உடைத்தெறிந்தது. எனினும் அந்த ஒரு சிலராக வருவதற்கே சில சுதந்திரங்கள் தேவைப்பட்டன. வில்லா பண்ணையிலிருந்து நகருக்கும், தீவிலிருந்து தலைநகருக்கும், தலைநகரிலிருந்து நியூயோர்க்குக்கும் நகர்ந்தார். அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட நாட்டவர் என்ற முறையில் அன்றைய பிலிப்பைன்ஸ் மக்களுக்கு அமெரிக்காவில் நுழையத் தடையிருக்கவில்லை; கட்டுப்பாடு 1934இலேயே வந்தது.

வில்லா இலோயிலோவில் சப்பாத்துத் துடைத்துத் திரிந்த அதே ஆண்டுகளில் மலையகத்து நிலை என்ன? ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குச் செல்வதற்கும் 'துண்டு' வேண்டியிருந்தது. தொழிலாளி பெரிய கங்காணியிடம் பட்ட கடன் எவ்வளவு என்பதைக் காட்டும் சீட்டு அது. கடனை ஏற்றுக்கொள்ளப் புதிய தோட்டம் உடன்பட்டாலன்றி அவனுக்கு வேறிடமில்லை. துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டு நீங்கியவனைச் சிறையிலிடும் சட்ட ஏற்பாடு அதை அடுத்த ஆண்டில் அகற்றப்பட்டது. அதன் பின்னரும் தோட்டத்துப் பாதை, பாலம், லயம், கோயில் முன்றல் ஆகிய யாவும் துரையின் ஆட்சிக்குட்பட்ட நிலமாகவே இருந்தன. வெளியார் உட்புகுதல் அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடம் பூண்டே தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது மலையக வரலாற்றில் பலரும் எடுத்துக் கூறும் செய்தி. துணி விற்பவனாக வேடமிட்டே ஒரு பத்திரிகையாசிரியர் தம் மக்களைச் சந்திக்க வேண்டியிருந்த நிலத்தில், கூடாரமடித்துச் சண்டை நடத்துபவன் எங்ஙனம் புகுவான்?

இங்கே இன்னுமொரு ஆழமான காரணத்தையும் நோக்குதல் வேண்டும். குத்துச்சண்டை மேடை ஒரு விசித்திரமான சமத்துவத்தை வேண்டி நிற்கிறது. சம எடை, சமமான கையுறை, ஒரே நடுவர். மேடைக்கு வெளியே எவனாயினும், கயிறுகளுக்குள் ஒருவன் மற்றவனை அடிக்கலாம். திருப்பி அடிப்பது குற்றமன்று. பேரரசு இச்சமத்துவத்தைக் கண்டு அஞ்சியது. 1910இல் கறுப்பின வீரர் ஜாக் ஜோன்சன் வெள்ளையரான ஜெஃப்ரிஸை ரீனோ நகரில் வென்றபோது, அப்போட்டியின் திரைப்படம் பல இடங்களில் தடைசெய்யப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு ஜோன்சனும் ஆங்கிலேயரான பில்லி வெல்ஸும் இலண்டனில் மோதவிருந்த போட்டி, அன்று உள்துறை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சேர்ச்சிலின் தலையீட்டினால் நடைபெறாது போயிற்று. அதன்பின் பிரித்தானியப் பட்டங்களுக்குப் போட்டியிடுவோரின் தாய் தந்தையர் இருவரும் வெள்ளையராயிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை நெடுங்காலம் நிலைத்தது. குடியேற்ற நாடுகளில் வெள்ளையன் வீழும் காட்சி பரவக்கூடாது என்ற கவலை அக்காலத்து விவாதங்களில் வெளிப்படையாகவே பேசப்பட்டது.

தோட்டத்து ஒழுங்கோ ஓங்கிய கை ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை மட்டுமே நிற்கக்கூடியது. துரையும் கங்காணியும் அடித்தல் நிருவாகம் எனப்பட்டது. தொழிலாளி கையோங்குதல் கலகம் எனப்பட்டது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில், 16 சத ஊதிய உயர்வை வேண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகியாக அவர் நினைவுகூரப்படுகிறார். டெயிலரின் பத்தொன்பது ஏக்கர் இருந்ததும் அதே மலைப்பகுதியில்தான்.

வீரம் மலையகத்தில் இல்லாதிருக்கவில்லை; அதற்கென வேறு மேடைகள் இருந்தன. மாரியம்மன் திருவிழாவில் தப்பு முழங்கக் கம்பு சுற்றும் இளைஞர், சிலம்பம் பயிற்றும் வாத்தியார், காமன் கூத்தில் இரவு முழுதும் ஆடியும் களைக்காத கால்கள், பொன்னர் சங்கர் கதையில் திரும்பத் திரும்ப எழும் போர்க்களம் ஆகியன அம்மேடைகள். ஆயின் கம்பு வீச்சுக்குப் புள்ளி வழங்கும் நடுவரில்லை. தோட்டத்துக்கு வெளியே அதற்கொரு பட்டமும் இல்லை. எடையும் அவ்வாறே. குத்துச்சண்டையில் மனிதன் நிறுக்கப்படுகிறான். தோட்டத்தில் நிறுக்கப்படுவது கொழுந்து. மடுவத்தில் தராசின் முன் நிற்கும் பெண்ணின் எடையை எவரும் கேட்டதில்லை. (பெண்கள் ஒலிம்பிக் குத்துச்சண்டை மேடையில் ஏறுவதற்கு 2012வரை காத்திருக்க வேண்டியிருந்தது.)

தமிழ்த் தொழிலாளருக்கும் இவ்விளையாட்டுக்கும் ஒவ்வாமை ஏதும் இல்லை என்பதற்கு வடசென்னை சான்று. துறைமுகத்திலும் ஆலைகளிலும் மீன்பிடித் துறைகளிலும் உழைத்த மக்களிடையே, சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டை மரபுகள் தழைத்தன. சார்பட்டாவைச் சேர்ந்த கித்தேரி முத்து, பலரை வென்றிருந்த நாட் டெரியை வீழ்த்தியது அம்மக்களின் நினைவில் காவியமாக நிலைத்துவிட்டது. இவ்வீரர்கள் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்தவர்களல்லர். தெருவும் பயிற்சிக்கூடமும், சீட்டு வாங்கிப் பார்க்கவந்த தொழிலாளரின் காசுமே அவர்களை உருவாக்கின. 1918இல் சென்னைத் தொழிற்சங்கம் உருவானதும் அதே வடசென்னை ஆலைத் தொழிலாளரிடையே என்பது தற்செயலன்று எனக் கருதுகிறேன். ஹற்றனில் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தது 1931இல். சங்கம் கூட இடமில்லாத மண்ணில் மேடை கட்டவும் இடமில்லை.

தெரு அடைபட்டிருந்தாலும் பாடசாலை வழி ஒன்று உண்டு. இலங்கையில் குத்துச்சண்டை வளர்ந்தது பெரும்பாலும் அவ்வழியில்தான். 1913 முதல் 1919வரை குடியேற்ற நாட்டுச் செயலாளராகவும் பின்னர் தேசாதிபதியாகவும் இருந்த எட்வர்ட் ஸ்டப்ஸின் பெயரால் வழங்கும் கேடயத்துக்காகக் கல்லூரி மாணவர் தலைமுறை தலைமுறையாகப் போட்டியிட்டனர். கொழும்பிலும் கண்டியிலுமிருந்த கல்லூரிகள் அதில் புகழீட்டின. இச்சூழலில் எழுந்தவர்தான் பார்னி ஹென்றிக்கஸ். பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த இவரது குடும்பம் சகோதரர் பலரும் மேடையேறிய குத்துச்சண்டைக் குடும்பம். 1938 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடைபெற்ற பேரரசு விளையாட்டுப் போட்டியில், இறகு எடைப் பிரிவில் அவர் தங்கப் பதக்கம் வென்றார். இலங்கை அப்போட்டிகளில் கலந்துகொண்டது அதுவே முதல் முறை. வென்ற முதல் தங்கமும் அதுவே. இலண்டனின் தொழில்முறைப் பட்டங்கள் வெள்ளையரல்லாதார்க்கு மூடப்பட்டிருந்த காலத்தில், பேரரசின் போட்டியிலேயே ஓர் இலங்கையர் முதலிடம் பெற்றது சிறிய செய்தியன்று. அவரது கை எவ்வளவு உயர்ந்ததோ, அதைத் தாங்கி நின்ற நகரமும் கழகமும் பயிற்சியும் அவ்வளவு உண்மையானவை.

தோட்டப் பாடசாலையின் நிலை வேறு. 1907ஆம் ஆண்டுச் சட்டமும் 1920ஆம் ஆண்டுச் சட்டமும் பிள்ளைகளின் கல்விக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தோட்டங்கள்மேல் சுமத்தின. நடைமுறையில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், தொடக்க வகுப்புகள் சில. பத்து வயதில் பிள்ளை பெரட்டுக் களத்துக்குப் போய்விடும். 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் விரிந்தபோதும் இப்பாடசாலைகள் தனியுலகமாகவே கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது பெரும்பாலும் 1970களின் பிற்பகுதியிலேயே. கேடயத்துக்குப் போட்டியிடும் வயது பதின்மூன்று, பதினான்கில் தொடங்குகிறது. தோட்டப் பாடசாலை அதற்குமுன்பே முடிந்துவிடுகிறது. நகரக் கல்லூரிக்குச் சென்ற பிள்ளைகளில் கங்காணி, கணக்கப்பிள்ளை, கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளே மிகுதி.

எஞ்சியிருந்த வாயில் நாடு என்பது. 1948 ஜூலை 29ஆம் நாள் இலண்டன் ஒலிம்பிக் தொடங்கியது. சுதந்திர இலங்கை முதன்முதல் அனுப்பிய அணியில் ஏழு பேர். அவருள் லெஸ்லி ஹந்துங்க, அலெக்ஸ் ஒபயசேகர, எடி கிரே, அல்பேர்ட் பெரேரா ஆகிய நால்வரும் குத்துச்சண்டை வீரர். அணியைச் சேர்ந்த டங்கன் வைட் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றது யாவரும் அறிந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தில் நிறத்தடை அகன்று, பிரித்தானிய கயானாவிலிருந்து வந்த கறுப்பினத் தந்தையின் மகனான டிக் ரேர்ப்பின் பிரித்தானியப் பட்டத்தை வென்றார். தமிழ்க் கூலிகள் கப்பலேறிச் சென்ற கரும்பு நாடுகளில் கயானாவும் ஒன்று. இவ்வாறு பேரரசின் தலைநகரில் ஒரு கதவு திறந்த ஆண்டிலேயே கொழும்பில் ஒரு கதவு அடைபட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர், ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர், நாடற்றவராயினர். அடுத்த ஆண்டுத் திருத்தத்தினால் வாக்குரிமையும் போயிற்று. நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் உட்பட 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பெற்ற ஏழு ஆசனங்களும் 1952இல் ஒன்றுமில்லாதாயின.

அரசியல் வரலாறு இச்சட்டத்தைப் பற்றி நிறையவே பேசியுள்ளது. விளையாட்டு வீரனின் வயதை வைத்து அதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் பயன்தரும். 1948இல் இருபது வயதான ஓர் இளைஞனை எண்ணுவோம். ஒலிம்பிக் அணி தன் நாட்டவரையே ஏற்கும், அவனுக்கோ நாடில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டபோது அவனுக்கு வயது முப்பத்தாறு. எஞ்சிய 1,50,000 பேரையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்ட 1974இல் நாற்பத்தாறு. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிய 2003இல் எழுபத்தைந்து. குத்துச்சண்டை வீரனின் வாழ்வு பெரும்பாலும் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டது. சட்டம் அவனுடைய தலைமுறையின் கைகளை மட்டுமன்று, மகனது கைகளையும் மேடைக்கு வெளியே நிறுத்திற்று. பெற்றோர் விண்ணப்பம் எந்த நாட்டுக்கு என்ற கேள்வியோடு வளர்ந்த பிள்ளை, எந்த நாட்டுக்காக விளையாடுவது என்று எண்ணுவதற்கே இடமிருக்கவில்லை.

பாடசாலை வாயில் திறந்தால் என்ன நிகழும் என்பதை வேறொரு விளையாட்டு காட்டிற்று. முத்தையா முரளிதரனின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். துண்டு முறை அன்று இன்னும் நடைமுறையிலிருந்தது. குடும்பம் பின்னர் கண்டியில் பிஸ்கட் உற்பத்தியில் ஈடுபட்டது. பேரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றார். 2010 ஜூலையில் காலியில் எண்ணூறாவது விக்கெட்டை வீழ்த்தி அவர் டெஸ்ட் துடுப்பாட்டத்திலிருந்து விடைபெற்றார். தோட்டத்திலிருந்து நகருக்கும், நகரிலிருந்து கல்லூரி மைதானத்துக்கும் நகர ஒரு குடும்பத்துக்கு இரண்டு தலைமுறை தேவைப்பட்டன. அந்நகர்வு இயலாத குடும்பங்களே லயங்களில் மிகுதியாக இருந்தன. பெருந்திறனுள்ள விரல்கள் அங்கும் பிறந்திருக்கும் என்று கொள்வதே நேர்மையானது.

அதே ஆண்டு ஒக்டோபரில் டில்லியில் நடைபெற்ற பொதுநலவாயப் போட்டியில், கண்டியைச் சேர்ந்த மஞ்சு வன்னியாராச்சி குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். ஹென்றிக்கஸுக்குப்பின் எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்த தங்கம் என்று நாடு கொண்டாடியது. ஊக்கமருந்துச் சோதனையில் தடைசெய்யப்பட்ட பொருள் கண்டறியப்பட்டமையால், பதக்கம் பறிக்கப்பட்டு, இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்ற வேல்ஸ் வீரர் ஷோன் மக்கோல்ட்றிக்கிடம் சேர்ந்தது. சிட்னியில் ஹென்றிக்கஸ் பெற்ற 1938ஆம் ஆண்டுத் தங்கம் மீண்டும் தனித்து நின்றது.